பொட்டு வைக்க மனம் வராத வாத்தியார்

கம்பு வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு, மனித உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று எந்த டாக்டரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நாள் தானாகவே வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்.

சமஸ்தானம் முடிந்து புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த சமயத்தில் நான் அரிமளத்தில் சிலம்பக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன். அறுவடை முடிந்து ஆட்கள் சும்மா இருக்கும் மாதங்களில் பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பேன். கல்யாண ஊர்வலமோ, கோயில் திருவிழாவோ, தர்காவில் கந்தூரியோ, எங்கே கூப்பிட்டாலும் கம்போடு போய் நிற்பேன். இந்த வேலையில் நான் பட்ட அடிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அடி ஆறிவிடும். ஆசை ஆசையாகச் செய்த வேலை ஒரு நாள் காரணமே இல்லாமல் வேப்பங்காயாகக் கசக்கும் பாருங்கள், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் சோறு இறங்காது. நீங்கள் பள்ளிக்கூட வாத்தியாரோ, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவோ, நாதஸ்வரக்காரரோ, அந்தக் கசப்பை ஒரு தடவையாவது ருசி பார்த்திருந்தால் நீங்களும் நானும் ஒரே ஜாதி.

சோப்பு மிச்சம்

முதலில் நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். சிலம்பத்தில் தனியாகக் கம்பு சுற்றிக் காட்டுவது ஒன்று. எதிரே ஓர் ஆளை நிறுத்தி மோதுவது இன்னொன்று. மோதும்போது கம்பு நுனியில் துணியைச் சுற்றி, அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையில் தோய்த்துக்கொள்வோம். இரண்டு பேரும் வெள்ளை பனியன் போட்டிருப்போம். யார் மேல் மை படுகிறதோ அவன் தோற்றான். இதற்குப் பொட்டு வைப்பது என்று பெயர்.

எங்கள் கூடம் நடந்தது ரைஸ் மில் களத்தில். காயப்போட்ட நெல்லைச் சாயங்காலம் அள்ளிவிட்டால் சிமெண்டுத் தரை எங்களுக்கு. கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேலை முடிந்து வந்து சேருவார்கள். எனக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து இன்றைக்கு யாருக்கு எங்கே பொட்டு வைக்கலாம் என்பதே நினைப்பு. நெஞ்சில் வைப்பது சுலபம். நெற்றியில் வைப்பதுதான் வித்தை. நான் நெற்றியில் வைப்பேன், அதுவும் நடு நெற்றியில், வலிக்காமல். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. திருமயத்திலிருந்து அறந்தாங்கி வரைக்கும் என் பனியனில் கரி பூசியவன் ஒருவனும் இல்லை.

விளக்கெண்ணெய்க் கரி லேசில் போகிற சாமான் அல்ல. குளத்துப் படித்துறையில் மற்றவர்களுடைய பெண்டாட்டிகள் பனியனைக் கல்லில் போட்டு அடித்த அடியெல்லாம் எனக்கு விழ வேண்டியது. என் மனைவி செல்லாயி துவைத்து முடித்து வந்து ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஒங்களைத்தான் வையிறாக. எனக்கு என்ன வந்துச்சு, சோப்பு மிச்சம்."

நின்றுபோன கம்பு

கூடத்தில் எனக்கு அடுத்த ஆள் அடைக்கலம். கொத்தனார். நாள் முழுக்கச் செங்கல் தூக்கிவிட்டு வந்தும் அலுக்காமல் ஆடுவான். என்னைவிட வயதில் இளையவன், என்னைவிடப் பலசாலி. அவன் என் பனியனில் பொட்டு வைக்க ஆசைப்பட்ட மாதிரி வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

ஒரு நாள் வழக்கம்போல மோதிக்கொண்டிருந்தோம். அடைக்கலம் சுழன்று திரும்பியபோது இடது தோளைத் திறந்துவிட்டான். என் கம்பு அங்கே போய்விட்டது. போன கம்பு அவன் தோளைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. என் வாய் மட்டும், "தோளை மூடு அடைக்கலம்" என்றது. அவன் மூடினான். கொஞ்ச நேரத்தில் முழங்காலைத் திறந்தான். மறுபடியும் கம்பு நின்றது, மறுபடியும் வாய் பேசியது.

அவன் எந்தத் தப்பைச் செய்யப்போகிறான் என்பது அவன் செய்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த இடத்தில் போய்ப் பொட்டு வைப்பதில் என்ன இருக்கிறது? திறந்து கிடக்கிற வீட்டுக்குள் நுழைந்து பூட்டை உடைத்தேன் என்று மார்தட்டுகிற கதைதான். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நெஞ்சில் ஏதோ காலியாக இருந்தது. அடைக்கலம் பாதி வழி வரை கூடவே வந்து, பிறகு மெதுவாகச் சொன்னான்: "அடிச்சுப்புடுங்க வாத்தியாரே. நீங்க அடிக்காம நிக்கிறதப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

ஆளுக்கொரு வைத்தியம்

எனக்கு மோதலில் ருசி விட்டுப்போய்விட்டது என்ற செய்தி நான் சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. உடனே வைத்தியம் ஆரம்பமாயிற்று. பித்தம் என்றார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் கை தானாக நீளும் என்று மூட்டை தூக்குகிறவர்கள் சொன்னார்கள். நான் சூப்பு குடித்தேன். கை நீளவில்லை, தொந்திதான் நீண்டது. செல்லாயி என்னை மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். மந்திரிக்கிறவர் வேப்பிலையால் தடவிவிட்டு, என்ன உபத்திரவம் என்று கேட்டார். மனிதர்களை அடிக்க மனம் வர மாட்டேன் என்கிறது என்றேன்.

அவர் வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செல்லாயியிடம் திரும்பிச் சொன்னார்: "ஏம்மா, புருசன் அடிக்கிறான்னு சொல்லித்தான் இங்கிட்டு வருவாக. நீ எதுக்கம்மா இவரைக் கூட்டியாந்த?"

ஆச்சி பார்த்த சண்டை

திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு ஆட வேண்டும். அந்த வீட்டு ஆச்சி முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார். சும்மா சுற்றிக் காட்டினால் போதாது, மாப்பிள்ளை வீட்டார் வாயடைத்துப் போகிற மாதிரி நிஜமான மோதல் வேண்டும் என்று. அந்த வீட்டில் எல்லாமே பெரிதாகத்தான் இருக்கும். தேக்கு மரத் தூண்களைக் கட்டிப்பிடிக்க ஒரு ஆள் போதாது.

நானும் அடைக்கலமும் நடு வீதியில் நின்றோம். சலாம் வைத்தோம். அதாவது, மோதுவதற்கு முன் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டி வைக்கிற காலடி வரிசை. அந்த வரிசை நான் வைத்தால் கோயில் நடை திறந்த மாதிரி இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. சலாம் முடிந்தது. அடைக்கலம் வீசினான். நான் தடுத்தேன். மறுபடியும் வீசினான், மறுபடியும் தடுத்தேன். என் பக்கமிருந்து ஒரு வீச்சும் போகவில்லை. அவன் கால் தவறும்போதெல்லாம் நான் தலையை அசைத்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். அவனும் அதைப் புரிந்துகொண்டு தலையை ஆட்டினான். மாப்பிள்ளை வீட்டார் வாயடைத்துப் போகவில்லை, கொட்டாவி விட்டார்கள்.

ஊர்வலம் நகர்ந்ததும் ஆச்சி என்னைக் கூப்பிட்டு ஒரு செம்பு பானகம் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "சண்டை பாக்கணும்னு வரச்சொன்னா, எங்களுக்கு முந்தி நீங்க ரெண்டு பேரும் சம்பந்தம் பேசி முடிச்சுட்டீகளே வாத்தியாரே."

லத்தி வகுப்பு

பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள்களுக்கு லத்தி சுற்றச் சொல்லிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். புது ஆள்களோடு மோதினால் பழைய ருசி திரும்பும் என்று எனக்கு ஒரு நப்பாசை. வரிசையாக நின்றார்கள். எல்லாரும் வாட்டசாட்டமானவர்கள். ஒருவருக்கும் தடுக்கத் தெரியவில்லை. அவர்கள் பார்த்த வேலையில் தடுக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை போலிருக்கிறது.

ஒவ்வொருவராக எதிரே நிறுத்தினேன். பழைய நாளாயிருந்தால் காக்கிச்சட்டைக்கே நெற்றியில் பொட்டு வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். இப்போது, "ஐயா, வலது விலாவுக்கு வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வீசினேன். அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "இடது முழங்காலுக்கு வருகிறேன்" என்றேன். அதையும் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பரம திருப்தி. கடைசி வரிசையில் நின்ற வயதான ஏட்டு மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "வாத்தியாரே, அடிக்கிற எடத்தை முன்கூட்டிச் சொல்லிட்டு நாங்க அடிச்சமுன்னா, ஒரு பயலும் அந்த எடத்துல நிக்க மாட்டான்."

மீன் தின்னாத மஸ்தான் பாய்

கோட்டைப்பட்டினத்தில் கந்தூரிக்குக் கம்பு ஆட எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர் மஸ்தான் பாய். சொந்தமாக வள்ளங்கள் வைத்துக் கடலுக்கு ஆள் அனுப்புகிறவர். நல்ல மனிதர், ஆனால் வளவளவென்று பேச மாட்டார். அந்த வருஷம் நான் ஆடிய லட்சணத்தைக் கரையோரமாக நின்று முழுக்கப் பார்த்தார். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்குச் சோறு போட்டு, பொரித்த மீனாக அடுக்கி வைத்தார். அவர் தட்டில் பருப்பும் கத்தரிக்காயும்தான் இருந்தன. கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு கத்தரிக்காய் தின்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். மோதலில் ருசி போய்விட்டது பாய், இனி நான் வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை, கம்பைப் பரணில் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்றேன். கம்பைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அவர் கத்தரிக்காயை நிதானமாக மென்று முடித்தார். என் தட்டில் இன்னொரு மீனை வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மீனுல ருசி விட்டுப்போயி எம்புட்டோ நாளாச்சு வாத்தியாரே. அதுக்காக வள்ளத்தைக் கரையில ஏத்திப்புட்டனா?"

வெற்றிலைத் தட்டு வந்தது

அந்த வார்த்தையில் கொஞ்சம் தெம்பு வந்து ஊர் திரும்பினேன். தெம்பு நிலைக்க விடாமல் விராலிமலையிலிருந்து வெற்றிலைத் தட்டு வந்து சேர்ந்தது.

வெற்றிலைத் தட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கூடத்து வாத்தியார் இன்னொரு கூடத்து வாத்தியாரை மோதலுக்குக் கூப்பிடுவதென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்து ஆளிடம் கொடுத்தனுப்புவார். பழத்தை எடுத்தால் சம்மதம். எடுக்காவிட்டால் கூடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்ததாகக் கணக்கு. மோதிப் பொட்டு வாங்கினாலும் அதே கதிதான். அதற்குப் பிறகு என் ஆட்கள் எல்லாரும் அவருக்குத்தான் சலாம் வைக்க வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவில்கூட அவர்தான் முன்னால் நின்று ஆடுவார். அவர் பொட்டு வாங்கினால் அவர் கூடம் எனக்கு. உறுமி மேளம் ஓயும்வரை இரண்டு பேர் மேலும் மை படாவிட்டால் அவரவர் கூடம் அவரவருக்கு. அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை, பொட்டு விழுகிறவரை உறுமி ஓயாது.

தட்டு அனுப்பியவர் மாணிக்கம் வாத்தியார். என் வயதுதான். மலைக்கு அந்தப் பக்கம் அவரை ஜெயித்தவர் கிடையாது. எனக்கு மோதலில் மனம் விட்டுப்போன செய்தி அவர் காதுக்கும் எட்டித்தான் தட்டு வந்திருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ருசி போயிற்று, உண்மைதான். அதற்காக என் கூடத்தை இன்னொருவன் அள்ளிக்கொண்டு போக விடுவேனா? வாத்தியார் என்ற பட்டம் போய்விட்டால் நான் வெறும் பழனியாண்டி. பழத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், எதிராளியைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும் கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்ற யோசனை வந்தது.

எனக்குப் பதிலாக அடைக்கலம் ஆட வழக்கம் இடம் கொடுக்காது. அவன் என்னைவிட அதிகமாகக் கலங்கிப்போயிருந்தான். மில் களத்தில் உட்கார்ந்து என் கம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்: "நீங்க தோத்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா வேற ஒரு ஆளுக்கு என்னால சலாம் வைக்க முடியாது. கொத்துக்கரண்டியத் தூக்கிட்டுத் திருச்சிப் பக்கம் போயிருவேன்."

பூட்டுக்குள் பேச்சு

மோதல் நடந்தது எங்கள் மில் களத்தில், வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகு. மில் முதலாளி நடுவர். விராலிமலையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் நெல் மூட்டைகள் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். செல்லாயி வரவில்லை. வேலை இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். உறுமிக்கார ஆறுமுகம் அடிக்க ஆரம்பித்தார். சலாம் முடிந்து கம்பு கம்பைத் தொட்டது.

மாணிக்கம் நல்ல ஆட்டக்காரர். முதல் சுற்றிலேயே தெரிந்தது. அடுத்த சுற்றில் அவருடைய வலது இடுப்பு ஒரு கணம் திறந்தது. என் கம்பு போயிற்று. போய், ஒரு சாண் முன்னால் நின்றது. தொலைந்தோம் என்று நினைத்தேன். ஏனென்றால் கம்பு நின்ற அந்த நேரத்தில் என் நெஞ்சு வாசற்கதவு மாதிரித் திறந்து கிடந்தது. அவர் கம்பு நேராக வந்தது. வந்தது, என் பனியனை ஒட்டிப் பக்கவாட்டில் போய்விட்டது. குறி தப்பிவிட்டது என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. எனக்குத் தெரியும், அந்த மாதிரி ஆளுக்குக் குறி தப்பாது. அவர் மணிக்கட்டைத் திருப்பியதை நான் பார்த்தேன். எனக்கே பிச்சை போடுகிறாரா என்று ரத்தம் கொதித்தது. பாய்ந்து போய் என் கம்பால் அவர் கம்பைப் பூட்டினேன். பூட்டு என்றால் இரண்டு கம்பும் குறுக்காகச் சிக்கி, முகத்துக்கு முகம் நெருங்கி நிற்பது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

"எதுக்கு மணிக்கட்டைத் திருப்புனீக?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீங்க எதுக்குக் கம்பை நிறுத்துனீக?" என்றார் அவர்.

"எனக்குப் பொட்டு வைக்க மனசு வர மாட்டேங்குது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான தட்டு அனுப்புனீக?"

"ஆமா, தெரிஞ்சுதான் அனுப்புனேன்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்கும் மனசு விட்டுப்போச்சு வாத்தியாரே. எங்க பயலுக, யாருக்காச்சும் தட்டு அனுப்புங்க அனுப்புங்கன்னு உசிரை எடுத்தானுக. அடிக்காத ஆளாப் பாத்து அனுப்பிச்சா நானும் அடிக்காமத் தப்பிச்சுக்கலாம்னுதான் ஒங்களுக்கு அனுப்புனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோதலின் நடுவே சிரித்தால் மானம் போய்விடும், அடக்கிக்கொண்டேன். மலைக்கு அந்தப் பக்கம் என்னை மாதிரியே ஒரு மனிதர் யாரிடமும் சொல்ல முடியாமல் சூப்பு குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனாலும் கூட்டத்தை ஏமாற்ற எனக்கு மனமில்லை. "நான் நிறுத்த மாட்டேன், நீங்களும் திருப்ப வேணாம். நெசமா வீசுங்க. நான் மூடிக்கிறேன். ஒங்களால மூட முடியும்னு எனக்குத் தெரியும்" என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் பூட்டை உடைத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் ஆடிய ஆட்டம். அவர் முழு வேகத்தில் வீசினார், நான் மூடினேன். நான் வீசினேன், என் கம்பு எங்கேயும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியமில்லை, போய்ச் சேருவதற்கு முன் அவர் கம்பு அங்கே இருந்தது. நெற்றிக்கு வந்ததை நான் தட்டிவிட்டேன். முழங்காலுக்கு வைத்ததை அவர் தாண்டினார். கம்போடு கம்பு மோதிய சத்தம் மில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இத்தனை நாளும் நான் தேடியது பொட்டு வைக்க ஓர் உடம்பை அல்ல, மூடத் தெரிந்த ஒரு கையை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இரண்டு ஊர்க் கூட்டமும் யாருக்காகக் கத்துகிறோம் என்பதை மறந்துவிட்டு, சேர்ந்து கத்திக்கொண்டிருந்தது.

பொட்டு விழவில்லை. விழாததால் உறுமியை நிறுத்த வழியில்லை. ஆறுமுகம் அடித்தார், அடித்தார், வேர்த்து ஒழுக அடித்தார். கடைசியில் குச்சியைத் தரையில் போட்டுவிட்டு, நடுவர் பக்கம்கூடத் திரும்பாமல் எங்களைப் பார்த்தே சொன்னார்: "யாராச்சும் ஒருத்தர் அடி வாங்குங்க சாமி, இல்லாட்டி என்னைய விட்டுருங்க. எனக்குக் கை விட்டுப்போச்சு."

பஸ் ஏறும் முன்

உறுமி ஓய்ந்தது. மில் முதலாளி எங்கள் இருவர் பனியனையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேர்வையைத் தவிர ஒன்றுமில்லை. அவரவர் கூடம் அவரவருக்கு என்று சொல்லிவிட்டார். அடைக்கலம் மூட்டை மேலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதிலும் எனக்குக் கூச்சமில்லை.

மாணிக்கத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். செல்லாயி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். யார் ஜெயித்தாலும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருக்கிறாள். அவருடைய ஆட்கள் லாரியில் முன்னால் போய்விட்டார்கள், அவர் எங்களோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பஸ்ஸில் போவதாகச் சொன்னார். பஸ் வரும் வரை நான் கூட நின்றேன். படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வீட்டுல போயி ஜெயிச்சேன்னும் சொல்ல முடியாது, தோத்தேன்னும் சொல்ல முடியாது. கோழிக்கொழம்பு நல்லாருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்."

கூடத்தில் சொன்னது

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தேன். நேற்று ஆடிய ஆட்டத்தை வைத்து என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. இனிமேல் நான் யாருக்கும் பொட்டு வைக்க மாட்டேன், எனக்கு அதில் மனமில்லை, பயத்தால் அல்ல, தெம்பு இல்லாமலும் அல்ல, அது நேற்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்றேன். சொல்லிக் கொடுப்பேன், சலாம் வைப்பேன், திருவிழாவில் ஆடுவேன். இதற்குப் பிறகும் என்னை வாத்தியார் என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தரையில் வைத்தேன்.

வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் இருமினார். நான் கிளம்பலாமா என்று யோசித்தேன். அப்போது அடைக்கலம் எழுந்து வந்தான். தரையில் கிடந்த என் கம்பை எடுத்து என் கையிலேயே திரும்பக் கொடுத்தான். பிறகு தன் கம்பை எடுத்து, நுனியை மையில் நன்றாகத் தோய்த்து, என் எதிரே வந்து நின்றுகொண்டு சொன்னான்: "நீங்க வைக்க வேணாம் வாத்தியாரே. நீங்க சும்மா நில்லுங்க, நாங்க வைக்கிறோம். ஒங்க மேல எவன் பொட்டு வைக்கிறானோ, கூடம் அவனுக்கு."

மோதலில் ருசி விட்டுப்போயிற்று என்று நான் ஊரறியச் சொன்ன நாளிலிருந்து, அரிமளத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் ஊரிலுள்ள அத்தனை பேரோடும் மோதிக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான், கூடமும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.